குழாயம்மா சொன்ன தீவு

கடலுக்கு நடுவே ஒரு கல் பாதை போகிறது, அது நாளில் பாதி நேரம் இருக்கும், பாதி நேரம் இருக்காது என்று மனைவி முதன்முதலில் சொன்னபோது அவர் நம்பவில்லை. கல்யாணமான புதிது. புது மாப்பிள்ளையை அசத்தக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் எதையும் கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள் என்பது பிடிபடச் சில வருடங்கள் ஆயின.

இப்போது அந்தப் பாதை அவர் கண் முன்னால் கிடந்தது. ஈரம் காயாத கருங்கல் பாளங்கள். விளிம்பெல்லாம் பாசி. இரண்டு பக்கமும் கடல் வற்றிப்போய்ச் சேறு மினுங்கியது. எதிர்முனையில் தீவு. தீவை அடைத்துக்கொண்டு கோட்டை, கோட்டைக்கு மேலே வெள்ளையடித்த கலங்கரை விளக்கம். சொன்னது சொன்னபடி இருந்தது. சொன்னவள்தான் இல்லை.

"அத்தான், இறக்கட்டுமா வண்டிய?" என்று கேட்டான் குட்டி.

"போர்டுல என்ன எழுதியிருக்கு, பாத்தியா?"

"சாயங்காலம் வரைக்கும் பாதை இருக்குமாம். அதுக்கப்புறம் மீனுக்குத்தான் வழி."

குட்டி அவருடைய மைத்துனன். வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் வந்த பெயர். ஆளைப் பார்த்துப் பெயரைக் கேட்பவர்கள் ஒருமுறை திரும்பக் கேட்பார்கள், ஏனென்றால் குட்டி எந்த வாசலில் நின்றாலும் அந்த வாசலில் வேறு யாரும் நிற்க முடியாது. சோபா, மெத்தை தைக்கிற கடை வைத்திருந்தான். அக்கா போன பிறகு கடையைப் பையன் கையில் விட்டுவிட்டு, "அத்தானுக்கு வண்டி ஓட்ட ஆள் வேணும்" என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தான். அத்தானுக்கு வண்டி ஓட்டத் தெரியாதது உண்மைதான். ஆனால் தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்கவும் தெரியவில்லை என்பதைக் குட்டி வாய்விட்டுச் சொல்லவில்லை.

வண்டி ஒரு காலத்தில் பால் வண்டி. மனைவி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதை வாங்கி வீடாக மாற்றினார்கள். அவள் நகரக் குடிநீர் இலாகாவில் பொறியாளர். ஊரில் எந்தத் தெருவில் குழாய் உடைந்தாலும் முதலில் அவள் போய் நிற்பாள் என்பதால் அவளுக்குக் குழாயம்மா என்றே பேர். வண்டிக்குள் குழாய் வேலை முழுவதும் அவள் கை. நல்ல தண்ணீருக்கு மேலே ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் போய்ச் சேர வண்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி, அதைத் திறந்துவிட ஒரு திருகு. இருக்கைகளும் மெத்தையும் குட்டி தைத்தது. அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த அவருக்கு இந்த வேலைகளில் பங்கு என்னவென்றால், பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கம்பெனிக்காரன் கொடுத்த விளக்கப் புத்தகத்தை உரக்கப் படிப்பது, அதிலுள்ள எழுத்துப் பிழைகளுக்கு வருத்தப்படுவது.

இரண்டு வருடம் ஊர் ஊராகப் போனார்கள். தீவு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ஒருமுறை போகலாம் என்றால் மழை. இன்னொருமுறை பாதையில் ஏதோ பழுது. அப்புறம் அவளுக்கு உடம்புக்கு வந்தது, அதற்குப் பிறகு மருத்துவமனைதான் ஊர்.

அவர் தீவைப் பார்க்க வரவில்லை. தீவில் இருந்த தொட்டியைப் பார்க்க வந்தார். அந்தத் தீவில் ஊற்று கிடையாது, கிணறு தோண்டினால் உப்பு. கோட்டை கட்டியவர்கள் மேலே விழுகிற மழையைச் சொட்டு விடாமல் பிடித்து, கோட்டைக்கு அடியில் தூண் நிறுத்திக் கட்டிய தொட்டியில் சேர்த்தார்கள். எதிரிகள் கப்பலில் வந்து சுற்றி வளைத்து, உள்ளே இருப்பவர்கள் தாகத்தில் கதவைத் திறப்பார்கள் என்று காத்திருந்தார்களாம். கடைசியில் தண்ணீர் தீர்ந்துபோய்க் கிளம்பியது கப்பலில் இருந்தவர்கள்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்காக அங்கே போய் அந்தத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறாள். அதன் பிறகு அவள் வாழ்க்கையில் எந்தத் தொட்டியைக் கட்டினாலும் ராத்திரி சாப்பாட்டில் அந்தத் தொட்டி வந்துவிடும். நீளம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு, சுவருக்குப் பூசிய சுண்ணாம்பில் செங்கல் பொடி கலந்திருக்கிறார்கள், அதனால் இன்றுவரை ஒழுக்கு இல்லை. அவர் சாதம் பிசைந்துகொண்டே தலையாட்டுவார். பாதி காதில் விழும், பாதி விழாது.

அவள் போனபிறகு சாப்பாட்டு மேசையில் யாரும் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பாதி காதில் விழாமல் போனது என்னவாக இருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு யோசனை வந்தது. நேரில் போய்ப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பாதையைக் கடந்து கோட்டை வாசலுக்கு வந்தபோது காலை வெயில் மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. வண்டி நிறுத்தும் இடம் வாசலுக்கு வெளியே, சரளை மண் போட்ட சரிவில் இருந்தது. உள்ளே ஒரு பெரிய கல் முற்றம். "வண்டி திருப்ப மட்டும்" என்று அதன் முனையில் பலகை வைத்திருந்தார்கள். குட்டி உள்ளே போய்த் திருப்பிக்கொண்டு வருவதாகச் சொன்னான். அவர் இறங்கி நடந்தார்.

தொட்டிக்குப் போகும் கதவை அவர் யாரையும் கேட்காமல் கண்டுபிடித்தார். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பீரங்கி மேடைக்கு இடது பக்கம், குனிந்து போகிற மாதிரி ஒரு கதவு என்று அவள் சொல்லியிருந்தாள். கதவு இருந்தது. பூட்டும் இருந்தது.

பூட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. கோட்டைப் பொறுப்பாளர் என்று சட்டையில் தைத்திருந்தது.

"தொட்டியப் பாக்கணும்மா."

"போன வருஷத்தோட நிறுத்திட்டாங்க சார். படி வழுக்குது. ஒருத்தர் விழுந்து காலை ஒடிச்சிக்கிட்டார்."

"ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. காலை ஒடிச்சவரும் அதையேதான் சொன்னார்." அவள் சிரிக்காமலே சொன்னாள். "மியூசியத்துல இதுக்கு ஒரு மாதிரி செஞ்சு வெச்சிருக்கு. அதைப் பாருங்க. லைட்டெல்லாம் போட்டிருக்கு."

என் மனைவி இறந்துவிட்டாள், அவளுக்காகப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை திறந்திருப்பாள். அது அவருக்கும் தோன்றியது. ஆனால் அவளுடைய சாவை ஒரு சீட்டு மாதிரி வாசலில் நீட்ட அவருக்கு நாக்கு எழவில்லை. அதனால் வேறு ஏதோ கேட்டார்.

"உள்ள இப்பவும் தண்ணி இருக்கா?"

"இருக்கான்னா? நாங்க குடிக்கறதே அதான். டிக்கெட் குடுக்கறவங்க, விளக்கு பாக்கறவங்க, டீக்கடை எல்லாருக்கும் இன்னிக்கு வரைக்கும் அதான் தண்ணி." அந்த இடத்தில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "மழைக்காலம் ஆரம்பிச்சா முதல் ரெண்டு மழையக் கடலுக்கு விட்டுடுவோம், முற்றத்தையும் கூரையையும் அது கழுவிக் குடுத்துட்டுப் போகட்டும்னு. அப்புறம் கல்லைத் திருப்பி வெச்சிடுவோம். அதுலேர்ந்து விழற ஒவ்வொரு சொட்டும் உள்ளதான். போன வாரம்தான் திருப்பினோம்."

அவர் நன்றி சொல்லிவிட்டு மதில் மேல் ஏறினார். மியூசியத்துக்குப் போகும் எண்ணம் இல்லை. அட்டையில் செய்து விளக்குப் போட்ட தொட்டியைப் பார்த்தால் மனைவி மேலே இருந்து சிரிப்பாள்.

மதிலின் மேல் நடக்க நடக்க, அவர் நடை மெதுவாகியது. தான் நடந்துகொண்டிருந்த மதிலே உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு, காலுக்குத்தான் தெரிந்தது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய்க்கால். அது மதில் நெடுக ஓடி, மூலையில் ஒரு கல் குழாயில் இறங்கியது. பக்கத்தில் சிப்பாய்கள் குடியிருந்த வரிசை வீடுகள். அவற்றின் கூரைகள் எல்லாமே ஒரே பக்கம் பார்த்து இறங்கின, ஒன்றின் தண்ணீர் அடுத்ததில், அதன் தண்ணீர் அதற்கடுத்ததில். தெரு நடுவே பள்ளமாக, படகின் அடிவயிறு மாதிரி இருந்தது. ஆயுதக் கிடங்கு, சமையல் கொட்டகை, சிறை அறையின் மாடம் கூட, எல்லாமே சொல்லி வைத்தாற்போல ஒரு பக்கமாகத் தலை சாய்த்துக்கொண்டிருந்தன. ஒரு முழுத் தீவைக் கையைக் குவித்து ஏந்துகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். சண்டைக்குக் கட்டிய கோட்டை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இதைக் கட்டியவன் மழைக்குத்தான் கட்டியிருக்கிறான், பீரங்கி எல்லாம் பிற்பாடு கொண்டுவந்து வைத்தது என்று அவருக்குத் தோன்றியது.

அதை நினைத்து மனசு கொஞ்சம் லேசான அந்த நிமிஷத்தில்தான், கீழே முற்றத்தில் ஒரு சாம்பல் நிறக் கோடு ஊர்ந்து வருவதைப் பார்த்தார்.

வண்டி முற்றத்தின் நடுவில் நின்றிருந்தது. அதன் அடியிலிருந்து கிளம்பிய கோடு, நுரை தள்ளிக்கொண்டு, ஒரு இடத்திலும் தயங்காமல், கட்டியவர்கள் நினைத்த வழியிலேயே அழகாக வளைந்து நடு வாய்க்காலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நாள் கணக்காகச் சேர்ந்த பாத்திரம் கழுவிய தண்ணீர், குட்டி சவரம் செய்த தண்ணீர், இரண்டு பேரும் சாக்ஸ் அலசிய தண்ணீர்.

"குட்டி, மூடு" என்று கத்தினார். வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் மெல்லப் பேசிய தொண்டை. காற்று அதை அப்படியே வாங்கிக்கொண்டு போனது. குட்டி நிமிர்ந்து பார்த்தான். அத்தான் மதில் மேல் நின்று கையை ஆட்டுகிறார் என்று சந்தோஷப்பட்டுத் தானும் கையை ஆட்டினான்.

அவர் படிகளில் இறங்கிய வேகத்தைப் பார்த்திருந்தால் பொறுப்பாளர் அந்தப் படிகளுக்கும் பூட்டுப் போட்டிருப்பாள்.

"மூடுடா அதை."

குட்டி பாய்ந்து திருகை மூடினான். "என்ன அத்தான், என்ன ஆச்சு? அக்கா சொன்ன மாதிரிதானே பண்ணினேன். மண்ணுல விடக்கூடாது, சாக்கடை, காவா இருக்கற இடமாப் பாத்து விடுன்னு தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக் குடுத்தா. வெளியில பூராவும் மண்ணு. இங்கதான் நல்ல காவா இருந்தது."

"இது காவா இல்லடா. இது அவங்க குடிக்கற தண்ணி."

குட்டியின் முகம் தொங்கியது. அக்கா விதித்த விதியை அவன் ஒரு எழுத்து பிசகாமல் செய்திருந்தான். அந்த விதி தப்பாகப் போகிற இடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

திருகு மூடியாகிவிட்டது. ஆனால் வெளியே வந்தது வந்ததுதான். அழுக்குத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தின் கோடியில் ஒரு சின்னக் கல் குழி, அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாய். ஒரு வாய் கடலுக்கு, அது பலகைக் கல்லால் அடைத்திருந்தது. இன்னொன்று தொட்டிக்கு, அது ஆவென்று திறந்திருந்தது. அவர் ஓடிப்போய் வாய்க்காலில் காலை வைத்துத் தடுத்தார். தண்ணீர் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனது. துண்டைப் போட்டார். துண்டு மிதந்தது.

"நகருங்க அத்தான்."

குட்டி வண்டிக்குள்ளிருந்து மெத்தையை உருவிக்கொண்டு வந்தான். அக்காவின் முதுகு வலிக்கென்று நல்ல ஸ்பாஞ்சாகத் தேடி வாங்கி, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டு அவனே தைத்த மெத்தை. ஒரு நொடி அதைப் பார்த்தான். பிறகு இரண்டாக மடித்து வாய்க்காலில் திணித்தான்.

"மிதக்குது. மேல உக்காருங்க."

"நானா?"

"நான் உக்காந்தா வாய்க்காலே உடைஞ்சுடும்."

அவர் உட்கார்ந்தார். மெத்தை சோப்புத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் கனத்தது. பின்னால் தண்ணீர் தேங்கி மெல்ல ஏறி அவர் வேட்டியை நனைத்தது. ஒரு சாதத் துணுக்கு முழங்காலை உரசிக்கொண்டு நின்றது. சாவிகள் குலுங்கும் சத்தம் நெருங்கி வந்தது.

"என்ன சார் பண்றீங்க?"

"உக்காந்திருக்கேம்மா."

"அது தெரியுது."

அவர் விஷயத்தைச் சொன்னார். எதையும் குறைக்காமல், குட்டியின் மேலும் பழி போடாமல், எங்கள் வண்டியின் அழுக்குத் தண்ணீர், நாங்கள்தான் திறந்துவிட்டோம் என்று சொன்னார். பொறுப்பாளர் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தார். ஆனால் அவள் திட்டுவதற்கு நேரத்தைச் செலவழிக்கவில்லை. குழிக்குள் இறங்கி, "நீங்க வாங்க இங்க, பெரியவரே" என்று குட்டியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் பலகைக் கல்லின் இரும்பு வளையங்களைப் பிடித்துத் தூக்கினார்கள். கல் ஒரு பள்ளத்திலிருந்து எழுந்து, அடுத்த பள்ளத்தில் தடக்கென்று உட்கார்ந்தது. தொட்டியின் வாய் மூடியது. கடலின் வாய் திறந்தது.

"எந்திரிங்க சார்."

"எந்திரிச்சா தண்ணி போயிடும்."

"போகட்டும். இனிமே கடலுக்குத்தான் போகும்."

அவர் எழுந்தார். தேங்கியிருந்ததெல்லாம் ஒரு மடக்காக ஓடிக் குழிக்குள் விழுந்து கடல் பக்கம் மறைந்தது. மெத்தையைக் குட்டி தூக்கிப் பிழிந்தான். அது பிழியப் பிழிய வந்துகொண்டே இருந்தது.

இப்போது அவளுக்குத் திட்ட நேரம் கிடைத்தது. "பலகையில எழுதியிருக்கறது யாருக்கு சார்? கண்ணு தெரியாதவங்களுக்கா? திருப்ப மட்டும்னு போட்டா திருப்பிட்டுப் போகணும். நடு முற்றத்துல நிறுத்திக் குளிப்பாட்டறீங்க வண்டிய. இத்தனை வருஷமா எத்தனை பேர் வந்திருப்பாங்க, பீரங்கியோட வந்தவன் கூட இந்தத் தண்ணியில கை வைக்கல."

குட்டி வண்டிக்குள் போய் மேல் தொட்டியின் குழாயை எடுத்து வந்து, இருந்த நல்ல தண்ணீர் அத்தனையையும் பீய்ச்சி முற்றத்தையும் வாய்க்காலையும் கழுவினான். அவர் துடைப்பம் போட்டுத் தள்ளினார். குடிக்கக்கூட மிச்சம் வைக்கவில்லை. பொறுப்பாளர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வேலையில் அவளும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

கழுவி முடித்ததும் அவள் குழியில் குனிந்து, அடைத்த வாய்க்கு மேலே விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"ஈரமாத்தான் இருக்கு. உள்ள போச்சா, இல்ல வாசலோட நின்னுச்சான்னு இறங்கிப் பாத்தாத்தான் தெரியும்." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "காலைல வந்து கேட்டவர்தானே நீங்க?"

"ஆமாம்மா."

"வாங்க. என்னத்தைக் கெடுக்கப் பாத்தீங்கன்னு உங்க கண்ணாலயே பாருங்க. அப்பத்தான் ஜென்மத்துக்கும் மறக்காது. இந்தக் கோலத்துல வராதீங்க. கழுவிட்டு, துணி மாத்திட்டு, வெறுங்காலோட வாங்க."

பார்க்க விரும்பிய ஒன்றைத் தண்டனையாகக் கொடுக்கிறார்கள் என்றால் மறுப்பு சொல்ல என்ன இருக்கிறது. ஆனால் அவருக்கு இப்போது பயமாக இருந்தது. மனைவி வாழ்நாளெல்லாம் மெச்சிய ஒன்றை, அவள் செய்த வண்டியே வந்து அழுக்காக்கியிருந்தால் என்ன செய்வது. அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்.

டீக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவிக்கொண்டு, உலர்ந்த வேட்டி கட்டி வந்தார். கதவருகே பொறுப்பாளர் கேட்டாள், "அது போகட்டும், தண்ணியப் பாத்ததும் எங்க போய் நிக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? நேரா குழிக்கே ஓடியிருக்கீங்க."

"என் மனைவி தண்ணி இலாகாவுல இருந்தா. சின்ன வயசுல இங்க வந்திருக்கா."

"அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. அவங்க இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது."

அவர் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற குட்டி சொன்னான். "அக்கா போயிட்டாங்க. இந்த வருஷந்தான்."

பொறுப்பாளர் சாவிக்கொத்தில் சாவியைத் தேட ஆரம்பித்தாள். அந்தச் சாவி அவள் விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது.

"ஒருத்தர்தான் இறங்கலாம்" என்றாள் பிறகு. "பெரியவர் இங்கயே இருங்க. நீங்க வழுக்குனா தூக்கறதுக்குக் கிரேன்தான் வரணும்."

"நான் மேலேயே இருக்கேன்மா" என்றான் குட்டி, அடக்கமாக.

படிகள் வளைந்து இறங்கின. பொறுப்பாளர் அவர் கையைத் தன் தோளில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு வாசனை ஏறி வந்தது, கல்லும் குளிர்ச்சியும் கலந்து. கடைசிப் படியில் நிறுத்தினாள். மேலே கூரையில் வட்ட வட்டமாக விட்ட துளைகளிலிருந்து வெளிச்சம் தூண்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கியது. வரிசை வரிசையாகத் தூண்கள், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது, அடியில் கல் பாவிய தரை ஒவ்வொரு இணைப்பும் தெரிகிற மாதிரி சுத்தமாக இருந்தது.

"வத்திப் போச்சாம்மா?" என்று கேட்டார்.

அவள் குனிந்து விரல் நுனியால் ஒன்றுமில்லாத இடத்தைத் தொட்டாள். தூண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நடுங்கின. அவர் தரை என்று நினைத்தது ஆழத்தில் இருந்தது. அவர் காலுக்கு ஒரு சாண் கீழேயிருந்து அந்தத் தரை வரைக்கும் அத்தனையும் தண்ணீர்.

வளையங்கள் விரிந்து, தூணுக்குத் தூண் தட்டி, திரும்பி வந்து அடங்கும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி நீளம் சொன்னாள், ஆழம் சொன்னாள், சுண்ணாம்பில் கலந்த செங்கல் பொடியைச் சொன்னாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட இது அழகாக இருக்கும் என்று அவள் சொன்னதில்லை. சொல்லத் தெரியாமல்தான் அளவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எந்தப் பாதி தன் காதில் விழவில்லை என்று இத்தனை நாள் தேடினாரோ, அதை அவள் சொல்லவே இல்லை.

பொறுப்பாளர் டார்ச்சை அடித்து, தண்ணீர் வந்து விழும் வாயைப் பார்த்தாள். அதன் கீழே சுவர் உலர்ந்து வெளுத்திருந்தது. நுரை இல்லை, கோடு இல்லை. இடுப்பில் தொங்கிய சின்னக் குவளையால் மொண்டு முகர்ந்தாள். ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்து யோசித்தாள். குவளையை அவரிடம் நீட்டினாள்.

"குடிங்க. நீங்க உக்காந்தது வீண் போகல."

அவர் குடித்தார். உப்பு இல்லை, மண் இல்லை, குழாய்த் தண்ணீரின் மருந்து நெடி இல்லை. வாயில் இருந்தபோது குளிர்ச்சி தெரிந்தது, விழுங்கியதும் அதுவும் இல்லை.

"அத்தான்," என்று மேலேயிருந்து குட்டியின் குரல் இறங்கி வந்தது. "கெட்டுப் போச்சா?"

"இல்லடா. நல்லாருக்கு."

மேலே யாரோ பெரியதாக மூச்சு விடுவது தொட்டி முழுக்கக் கேட்டது.

ஏறுவதற்கு முன்னால் இன்னும் ஒருமுறை பார்த்துக்கொள்ளத் திரும்பினார். அப்போதுதான் அந்தத் தூண் கண்ணில் பட்டது. இடது பக்கச் சுவரோரம், வரிசையின் கடைசியில். மற்றத் தூண்கள் எல்லாம் கூரை வளைவில் நேராகப் போய் முட்டின. இந்த ஒன்று எட்டவில்லை. வெட்டும்போது யாரோ அளவு பிசகிக் குட்டையாக வெட்டிவிட்டிருக்கிறான். தூணுக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு மெல்லிய கல் வில்லையைச் செருகி, சுண்ணாம்பு பூசி, யாருக்கும் தெரியாதபடி சரிக்கட்டியிருக்கிறார்கள். இத்தனை காலமாக அந்த வில்லை கோட்டையைத் தாங்கிக்கொண்டு நின்றது. தலைமைக் கொத்தனிடம் அந்த ஆள் என்ன பாட்டு வாங்கியிருப்பான் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"என்ன சார்?"

"அந்தத் தூணு. கொஞ்சம் குட்டை. மேல ஒரு கல்லு வெச்சு ஒட்டியிருக்காங்க."

பொறுப்பாளர் டார்ச்சைத் திருப்பினாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா அதை? நானே வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் கழிச்சுத்தான் பாத்தேன். இங்க வர்றவங்க யாரும் மேல பாக்க மாட்டாங்க. தண்ணியத்தான் பாப்பாங்க."

மனைவியும் தண்ணீரைத்தான் பார்த்திருக்க வேண்டும். தூணைப் பற்றி ஒருநாளும் அவள் சொன்னதில்லை. பார்த்திருந்தால் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள், வில்லையின் கனத்தோடு சொல்லியிருப்பாள்.

கிளம்பும்போது வண்டியின் மேல் தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்த பொறுப்பாளர், ஒரு கேன் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "குடிக்கறதுக்கு மட்டும்" என்றாள். "துணி அலசினது தெரிஞ்சுது, பாதைய மூடிடுவேன்."

பாதையின் இரண்டு பக்கமும் கடல் ஏற ஆரம்பித்திருந்தது. வண்டியின் கூரையில் மெத்தையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் முன் கண்ணாடியில் கோடாக இறங்க, குட்டி வைப்பரைப் போட்டுக்கொண்டே ஓட்டினான்.

"காயறதுக்கு ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் கட்டாந்தரைதான், அத்தான். முதுகு தாங்குமா?"

"தாங்கும்."

கொஞ்ச தூரம் போனபிறகு குட்டி கேட்டான். "உள்ள எப்படி இருந்துச்சு? அக்கா சொன்ன மாதிரியேதான் இருந்ததா?"

"அவ சொன்னதெல்லாம் இருந்தது. ஒரு தூணு குட்டையா இருந்தது. சுவரோரமா, கடைசித் தூணு."

"அது அக்கா சொல்லி நான் கேட்டதில்லையே."

"அவ சொல்லல. நான் பாத்தேன்."

குட்டி கியரை இறக்கி வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அலை நாக்கை நீட்டிப் பாதையின் ஓரக் கல்லை நனைத்துவிட்டுப் போனது.

"கடல் ஏறுதுடா, சீக்கிரம் போ."

"அதெல்லாம் போயிடலாம். நீங்க சொல்லுங்க. எவ்வளவு குட்டை?"

அவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினார். யோசித்து, கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.